எச்.ஐ.வி. மருந்தோடு சத்து மாத்திரை: எதை, எப்போது, எவ்வளவு

எச்.ஐ.வி. இருக்கிறது என்று தெரிந்த முதல் சில வாரங்களில் எதையாவது வாங்கி விழுங்கினால்தான் மனம் அடங்கும். பிரிக்பீல்ட்ஸ் பார்மசியில் வைட்டமின் சி, ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் கருஞ்சீரக எண்ணெய், பட்டர்வொர்த் அத்தை டைரக்ட் செல்லிங்கில் விற்கும் நோனி ஜூஸ், தமிழ்நாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த லேகியம் என்று ஓர் அலமாரியே சேர்ந்துவிடும். அதில் சில உதவும். பலவற்றால் பர்ஸ் மட்டும்தான் இளைக்கும். ஒன்றிரண்டு மட்டும், உயிரைக் காத்துக்கொண்டிருக்கும் மருந்தையே வேலை செய்யவிடாது. எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்க இந்த வழிகாட்டி. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் அரசு கிளினிக்கில் மருந்து எடுப்பவர்களுக்காகவும், அவர்களைக் கவனித்துக்கொள்கிறவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். வைரஸை அடக்குவது ஏஆர்டி எனப்படும் எச்.ஐ.வி. கூட்டு மருந்து மட்டும்தான். தென்னாப்பிரிக்காவில் 2000களின் தொடக்கத்தில் அரசே இந்த மருந்துகளைச் சந்தேகித்தது. அன்றைய சுகாதார அமைச்சர் பூண்டும் பீட்ரூட்டும் எலுமிச்சையும் சாப்பிடச் சொன்னார். மத்தியாஸ் ராத் என்ற வைட்டமின் வியாபாரி, ஏஆர்டி விஷம், என் வைட்டமின்தான் தீர்வு என்று விளம்பரம் செய்தார். 2000 முதல் 2005 வரை மருந்து கொடுக்கத் தாமதித்ததால் 3,30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்ட் ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள். ராத் நடத்திய வைட்டமின் சோதனைகள் சட்டவிரோதம் என்று 2008ல் கேப் டவுன் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சத்து மாத்திரை மருந்துக்குத் துணையாக வரலாம். மருந்தின் இடத்தில் அதை வைத்தவர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

படி 1: உங்கள் மருந்தின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்

"ராத்திரி ஒரு வெள்ளை மாத்திரை போடுறேன்" என்றால் போதாது. சத்து மாத்திரை ஒத்துப்போகுமா என்ற கேள்விக்கான பதில், நீங்கள் எந்த ஏஆர்டி எடுக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. டோலுடெக்ராவிருக்கு ஒரு விதி, எஃபாவிரென்ஸுக்கு வேறு, ரில்பிவிரினுக்கு வேறு, ரிட்டோனாவிர் அல்லது கோபிசிஸ்டாட் சேர்ந்த கூட்டு மருந்துக்கு முற்றிலும் வேறு. மருந்துப் பையின் லேபிளைப் போனில் படம் எடுத்து வையுங்கள். கிளினிக் கார்டில் எச்.ஐ.வி. என்று எழுதாமல் 'ஆர்விடி' (ரெட்ரோவைரஸ் நோய் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்றுதான் பெரும்பாலும் எழுதுவார்கள். கவுன்டரில் நீங்களும் மெதுவாக அதையே சொல்லலாம். பக்கத்தில் நிற்பவருக்குப் பெரும்பாலும் புரியாது.

படி 2: என்ன குறைகிறது என்று இரத்தத்தைக் கேளுங்கள்

குறை இருக்கும் இடத்தில் நிரப்பினால் பலன் உண்டு. குறையே இல்லாத இடத்தில் கொட்டினால் பலன் இல்லை, சில நேரம் கெடுதலும் வரும்.

இதைச் சரியாகக் காட்டியது தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரில் நடந்த ஆய்வுகள். முதல் ஆய்வில் எச்.ஐ.வி. உள்ள 1,078 கர்ப்பிணிகள் இருந்தார்கள். அங்கே அப்போது ஏஆர்டி கிடைக்காத காலம். பி, சி, ஈ வைட்டமின்கள் கொடுத்தபோது நோய் முற்றுவது தாமதமானது. 2004ல் வெளிவந்த இந்த முடிவைத்தான் ராத் தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்தினார். ஆய்வாளர்களே அதை வெளிப்படையாக மறுத்தார்கள். பிறகு ஏஆர்டி வந்தபின், அதே ஊரில் 3,400க்கும் மேற்பட்டோருக்கு அதிக அளவு மல்டிவைட்டமினையும் சாதாரண அளவையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். அதிக அளவு எடுத்தவர்களுக்கு கூடுதல் நன்மை எதுவும் இல்லை. கல்லீரல் என்சைம்தான் ஏறியது. ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்த முடிவு 2012ல் வந்தது.

ஆகவே அடுத்த முறை இரத்தம் எடுக்கும்போது சிடி4 (நோய் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை), வைரல் லோட் (இரத்தத்தில் வைரஸின் அளவு) இரண்டோடு நிற்காமல், ஹீமோகுளோபின், சிறுநீரகத்தைக் காட்டும் கிரியேட்டினின், கல்லீரல், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். சைவமாகச் சாப்பிடுபவரும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவரும் பி12 பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். மெட்ஃபார்மின் நாளடைவில் பி12ஐக் குறைக்கும். கால் மரத்துப்போவதற்கு எச்.ஐ.வி.தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், உண்மையில் பி12 குறைவாக இருக்கும். இன்னொன்றும் உண்டு. டோலுடெக்ராவிர், மெட்ஃபார்மினின் அளவை உடம்பில் ஏற்றிவிடும். இரண்டும் சேர்ந்தால் மெட்ஃபார்மினை நாளுக்கு 1,000 மி.கி.க்குள் வைப்பது வழக்கம். நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத குடும்பம் எது? டாக்டரிடம் இதை நீங்களே நினைவுபடுத்துங்கள்.

படி 3: தட்டைச் சரிசெய்யுங்கள்

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2003ஆம் ஆண்டு கணக்குப்படி, அறிகுறி இல்லாத எச்.ஐ.வி. உள்ளவருக்கு ஏறக்குறைய 10 சதவீதம் கூடுதல் கலோரி தேவைப்படும். காசநோய் போன்ற தொற்றோ எடை இழப்போ இருந்தால் 20 முதல் 30 சதவீதம். வைட்டமின், தாது எல்லாம் சாதாரண மனிதருக்கு எவ்வளவோ அவ்வளவுதான். 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு 10 சதவீதம் என்றால் 200 கலோரி. ஒரு முட்டையும் ஒரு வாழைப்பழமும் சேர்ந்தாலே அதை நெருங்கிவிடும். டப்பா பவுடர் தேவையே இல்லை.

புரதத்துக்கு நம் ஊர்ச் சந்தையைவிட நல்ல இடம் கிடையாது. புளிக்கவைத்த சோயாக் கட்டியான தெம்பே 100 கிராமில் 20 கிராமுக்குச் சற்றுக் குறைவான புரதம் இருக்கிறது, சௌ கிட் பாசாரில் மலிவாகக் கிடைக்கும். ஒரு முட்டையில் 6 கிராம். நெத்திலியை எலும்போடு சாப்பிடுவதால் கால்சியமும் சேர்ந்து வரும். பருப்பு, டோஃபு, முருங்கைக்கீரை எல்லாம் நமக்குத் தெரிந்தவைதான். சாப்பிட்ட கையோடு தே தாரிக் குடிக்கும் பழக்கத்தை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். தேயிலை, கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது.

சிடி4 200க்குக் கீழே இருந்தால் கோப்பிக்கடை அரைவேக்காட்டு முட்டையைக் கொஞ்ச காலம் மறந்துவிடுங்கள். பினாங்கு சார் குவே தியாவில் போடும் கெராங்கும் அப்படித்தான். சட்டியில் ஒரு புரட்டு மட்டும் கண்ட சிப்பியில் கிருமி உயிரோடு இருக்கும். "கெராங் வேண்டாம்" என்று சொல்லி வாங்கினால் ருசி ஒன்றும் பெரிதாகக் குறையாது.

எல்லோருக்கும் எடை ஏற்றம் தேவை என்றும் நினைக்க வேண்டாம். டோலுடெக்ராவிர் எடுக்கும் பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, எடை கூடுவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஏற்கெனவே எடை ஏறிக்கொண்டிருப்பவர் சத்துப் பால் குடித்தால் அடுத்த வருடம் சர்க்கரை மாத்திரையும் சேர்ந்துவிடும்.

படி 4: உங்களுக்குப் பொருந்துவதை மட்டும் சேருங்கள்

சாதாரண மல்டிவைட்டமின், தினத் தேவையின் அளவில், ஒரு மாத்திரை: சாப்பாடு சரியில்லாதவருக்கு நியாயமானது. லேபிளில் 1,000 சதவீதம் என்று போட்டிருந்தால் அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

வைட்டமின் டியும் கால்சியமும் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியவை. ஏஆர்டியில் ஒன்றான டெனோஃபோவிர் எடுக்கத் தொடங்கும்போது எலும்பின் அடர்த்தி கொஞ்சம் குறையும். எஃபாவிரென்ஸ் வைட்டமின் டியைக் குறைக்கும். வருடம் முழுதும் வெயில் அடிக்கும் நாட்டில் வைட்டமின் டி எப்படிக் குறையும் என்று கேட்பார்கள். நம் நிறத் தோலுக்கு அதே அளவு டி உண்டாக்க அதிக நேர வெயில் வேண்டும், நாமோ எல்ஆர்டியிலிருந்து மாலுக்கும் மாலிலிருந்து அலுவலகத்துக்கும் நிழலிலேயே போகிறோம். 2015ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இந்த மருந்துகளைத் தொடங்கியவர்களுக்கு நாளுக்கு 4,000 ஐ.யூ. வைட்டமின் டியும் 1,000 மி.கி. கால்சியமும் 48 வாரம் கொடுத்தார்கள். இடுப்பெலும்பின் இழப்பு ஏறக்குறையப் பாதியானது. பெரியவருக்கு 4,000 ஐ.யூ. என்பதே தினசரி உச்ச வரம்பு. ஆகவே டாக்டர் சொல்லாமல் அந்த அளவுக்குப் போக வேண்டாம். 50 வயது தாண்டியவர்களும் மாதவிடாய் நின்ற பெண்களும் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

துத்தநாகம், செலினியம் இரண்டிலும் நம்பிக்கை தரும் ஆய்வுகள் உண்டு. மயாமியில் இரத்தத்தில் துத்தநாகம் குறைவாக இருந்தவர்களுக்கு, பெண்களுக்கு 12 மி.கி., ஆண்களுக்கு 15 மி.கி. என்று 18 மாதம் கொடுத்ததில் சிடி4 மோசமாக விழுவது குறைந்தது. அளவைக் கவனியுங்கள். 12, 15 மி.கி.தான். கடையில் 50 மி.கி. மாத்திரை விற்கிறார்கள். உச்ச வரம்பு 40. செலினியத்துக்கு 400 மைக்ரோகிராம்.

காசநோய் தடுப்புக்கு ஐசோனியாசிட் எடுப்பவருக்கு பி6 கட்டாயம் தேவை. கிளினிக்கே சேர்த்துக் கொடுக்கும், அதை வேண்டாத வைட்டமின் என்று ஒதுக்கிவைக்காதீர்கள். கை கால் மரத்துப்போகாமல் காப்பது அதுதான்.

இரும்பு, இரத்தப் பரிசோதனை சொன்னால் மட்டும். மீன் எண்ணெய், ட்ரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு ஏறியவருக்கு ஓரளவு உதவும். அவ்வளவுதான்.

கர்ப்பிணிகளுக்கு: எச்.ஐ.வி. தாயிடமிருந்து குழந்தைக்குப் போவதை ஒழித்த நாடாக 2018 அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவை அங்கீகரித்தது. மேற்கு பசிபிக் வட்டாரத்தில் முதல் நாடு நாம்தான். அதைச் சாதித்தது பரிசோதனையும் மருந்தும். தனியாக வைட்டமின் ஏ வாங்கிப் போட வேண்டாம். தான்சானிய ஆய்வில் அது தொற்றைக் கூட்டியது. தாய்சேய் கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரையை விடக் கூடாது, ஆனால் அதன் நேரம் முக்கியம். அதுதான் அடுத்த படி.

படி 5: நேரத்தைப் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

டோலுடெக்ராவிர், கால்சியம், இரும்பு, மக்னீசியம், அலுமினியம், துத்தநாகம் போன்ற தாதுக்களோடு குடலில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் இரத்தத்துக்குள் போகாமல் அப்படியே வெளியேறிவிடும். வெறும் வயிற்றில் இரும்போடு சேர்த்து எடுத்தபோது இரத்தத்தில் மருந்தின் அளவு 54 சதவீதம் குறைந்தது, கால்சியத்தோடு 39 சதவீதம், மக்னீசியமும் அலுமினியமும் கலந்த வயிற்றெரிச்சல் மருந்தோடு 74 சதவீதம். நாசி கண்டார் சாப்பிட்டு நெஞ்சு எரியுது என்று வெள்ளை மருந்தைக் குடித்த கையோடு இரவு மாத்திரையைப் போட்டால், அன்றைய மருந்தில் முக்கால் பங்கு வீண். தினமும் இப்படிப் போனால் வைரஸ் மறுபடி தலைதூக்கும், மருந்துக்கு எதிர்ப்பும் வளரலாம்.

விதி இதுதான். டோலுடெக்ராவிரைத் தாது மாத்திரைக்கு 2 மணி நேரம் முன்பு எடுங்கள், அல்லது தாது மாத்திரை எடுத்து 6 மணி நேரம் கழித்து எடுங்கள். கால்சியத்துக்கும் இரும்புக்கும் மட்டும் ஒரு சலுகை உண்டு: முழுச் சாப்பாட்டோடு என்றால் அவற்றையும் டோலுடெக்ராவிரையும் ஒரே நேரத்தில் எடுக்கலாம். வயிற்றெரிச்சல் மருந்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அதே வகை மருந்தான பிக்டெக்ராவிருக்கும் ஏறக்குறைய இதே விதி.

எளிய ஏற்பாடு ஒன்று சொல்கிறேன். இரும்பு, கால்சியம், மல்டிவைட்டமின் எல்லாம் பகல் 1 மணிச் சாப்பாட்டோடு. ஏஆர்டி இரவு 9 மணிக்கு. நடுவில் 8 மணி நேரம். ஷிப்ட் வேலை செய்பவர் இதையே திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

தைப்பூசத்துக்குப் பல நாள் விரதம் இருப்பவர்கள், நாளுக்கு ஒருவேளை சாப்பிடுபவர்கள் கவனிக்க: டோலுடெக்ராவிரை வெறும் வயிற்றிலும் எடுக்கலாம், ஆனால் அப்போது பக்கத்தில் இரும்போ கால்சியமோ இருக்கக் கூடாது. ரில்பிவிரின் எடுப்பவர் நிலைமை வேறு. அதற்கு உண்மையான சாப்பாடு வேண்டும். புரதப் பானம் மட்டும் குடித்து எடுத்தால் மருந்து பாதிதான் உள்ளே போகும். பாலும் பழமும் மட்டும் எடுத்து விரதம் இருப்பதாக இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் பேசுங்கள். பத்துமலைக்கோ தண்ணீர்மலைக்கோ காவடி எடுக்க மருந்தை நிறுத்த வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

எஃபாவிரென்ஸ் நேர்மாறு. படுக்கும் முன், வெறும் வயிற்றில். கொழுப்புச் சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் தலைசுற்றலும் கெட்ட கனவும் கூடும்.

படி 6: இவற்றைத் தொடாதீர்கள்

மனச்சோர்வுக்கு விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் முதல் எதிரி. பல ஏஆர்டி மருந்துகளைக் கல்லீரல் வேகமாக உடைத்துத் தள்ளச் செய்துவிடும். பூண்டு மாத்திரை அடுத்தது. 2002ல் வந்த ஆய்வில் சாக்வினாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தின் அளவை அது ஏறக்குறையப் பாதியாக்கியது. இரசத்தில் தட்டிப்போடும் பூண்டுக்குப் பயப்பட வேண்டாம், மாத்திரையாகச் செறிவூட்டியதுதான் பிரச்சினை.

ரிட்டோனாவிர் அல்லது கோபிசிஸ்டாட் எடுப்பவர் இரு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரையில் இருப்பது லோவாஸ்டாடின் என்ற கொழுப்பு மருந்தேதான். இரண்டும் சேர்ந்தால் தசை சிதையும். தொங்காட் அலி மூலிகைக் கோப்பியில் சில்டெனாஃபில் என்ற ஆண்மைக்குறைவு மருந்து கலந்திருப்பது திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறது. இந்த மருந்துகளோடு சேர்ந்தால் அதன் அளவு பல மடங்கு ஏறி இரத்த அழுத்தம் சரிந்துவிடும். மூட்டுவலிக்கு விற்கும் ஜாமு மூலிகை மருந்தில் கலக்கும் ஸ்டீராய்டும் அப்படியே உடம்பில் தேங்கும்.

சித்த, ஆயுர்வேத மருந்துகளை மதிப்பவன் நான். ஆனாலும் பற்பம், செந்தூரம் வகைகளை இந்த நிலையில் வேண்டாம் என்றே சொல்வேன். 2004ல் பாஸ்டனில் விற்ற 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்ததில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. டெனோஃபோவிர் ஏற்கெனவே சிறுநீரகத்தைக் கண்காணிக்க வைக்கும் மருந்து. அதன்மேல் உலோகச் சுமை எதற்கு? ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள் கிரியேட்டின் பவுடரைச் சொல்லாமல் எடுத்தால் கிரியேட்டினின் அளவு ஏறி, சிறுநீரகம் கெட்டுவிட்டதோ என்று டாக்டர் மருந்தையே மாற்றப் பார்ப்பார்.

படி 7: டப்பாவைப் படியுங்கள்

மலேசியாவில் பதிவான மருந்து, சப்ளிமெண்ட் டப்பாவில் 'எம்ஏஎல்' (MAL) என்று தொடங்கி 8 இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கும், ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும். எழுத்து 'என்' (N) என்றால் சத்துப்பொருள், 'டி' (T) என்றால் பாரம்பரிய மருந்து. அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையதளத்தில் தேடலாம். கலப்படம் பிடிபட்ட பொருள்களின் பட்டியலும் அங்கே இருக்கிறது. பதிவு எண் இருப்பது தரத்துக்கான அடையாளம். எச்.ஐ.வி.யைக் குணப்படுத்தும் என்பதற்கு அல்ல. ஜூஸ், கோப்பி வகைகள் உணவு என்ற பெயரில் விற்பதால் எண் இல்லாமலே வரும். லிவர்பூல் பல்கலைக்கழகம் நடத்தும் எச்.ஐ.வி. மருந்து ஒத்துப்போகும் சோதனைத் தளத்தில் மூலிகைகளும் வைட்டமின்களும்கூட உண்டு, இலவசம்.

படி 8: எல்லா டப்பாவையும் கவுன்டரில் காட்டுங்கள்

நம்மிடையே உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மா பார்க்கிறார், "என்னடா இப்படி இளைச்சுட்டே" என்று இரும்பு டானிக்கை ஊற்றி, குடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறார். மறுக்கக் காரணம் சொல்ல முடியாது. குடித்துவிட்டு, அறைக்குப் போய், ஒளித்துவைத்த மாத்திரையையும் அப்போதே விழுங்குகிறார் மகன். இரண்டும் பத்து நிமிட இடைவெளியில். கிளினிக்கில் டானிக் பற்றிச் சொல்வதில்லை, திட்டுவார்கள் என்ற பயம். வீட்டில் மாத்திரை பற்றிச் சொல்வதில்லை. நடுவில் மருந்து தோற்கிறது.

விஷயத்தைச் சொல்லாமலே தப்ப வழி உண்டு. "கிளினிக்ல கிட்னி டெஸ்ட் எடுத்திருக்காங்கம்மா, ரிசல்ட் வர்றவரைக்கும் வேற எதுவும் சாப்பிட வேணாம்னாங்க" என்றால் பெரும்பாலான அம்மாக்கள் விட்டுவிடுவார்கள். விடவில்லை என்றால், "மத்தியானம் சாப்பிட்டுட்டுக் குடிக்கிறேன்மா" என்று டானிக்கின் நேரத்தை நகர்த்துங்கள். அம்மாவுக்கும் திருப்தி, மருந்துக்கும் வழி கிடைக்கும். டைரக்ட் செல்லிங் அத்தைக்கு இவ்வளவு நயம் தேவையில்லை. "வேண்டாம் அத்தை" போதும்.

அரசு மருத்துவமனைகளில் ஏஆர்டிக்கென்று மருந்தாளரே நடத்தும் ஆலோசனை கிளினிக் இருக்கிறது. வீட்டிலிருக்கும் எல்லா டப்பாவையும், சமையலறையில் இருக்கும் சத்துப் பால் டப்பாவையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். டைட்டிஷியனைப் பார்க்கவும் கேட்கலாம். அரசு கிளினிக்கில் டாக்டர் எழுதிக்கொடுக்கும் கால்சியமும் இரும்பும் அங்கேயே கிடைக்கும்போது வெளியே நூறு வெள்ளி செலவழிக்க வேண்டியதில்லை. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், 1992ல் தொடங்கிய மலேசிய எய்ட்ஸ் மன்றத்தோடு சேர்ந்து இயங்கும் அமைப்புகள் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் உள்ளன. கூட வர ஆள் கேட்கலாம்.

படி 9: மூன்று மாதம் கழித்துக் கணக்குப் பாருங்கள்

எந்தச் சத்து மாத்திரையையும் எதற்காகத் தொடங்கினீர்கள் என்று தேதியோடு எழுதி வையுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு புதிய பொருளைத் தொடங்க வேண்டாம். அரிப்போ வயிற்றுப்போக்கோ வந்தால் எதனால் என்றே தெரியாது. மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் ஏறவில்லை, எடை மாறவில்லை என்றால் காரணத்தைத் தேட வேண்டும், அளவைக் கூட்டக் கூடாது. அடங்கியிருந்த வைரல் லோட் திடீரென்று தெரிய ஆரம்பித்தால், மாத்திரையை மறந்தேனா என்று யோசிப்பதோடு, இடையில் புதிதாக என்ன சேர்த்தேன் என்றும் பாருங்கள்.

முயற்சி செய்யாமலே உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ இரவு வியர்வையோ இருந்தால், விழுங்கும்போது வலித்தால், கண் மஞ்சளானால் சத்து மாத்திரையில் நாளைக் கடத்தாமல் அப்பாயின்ட்மென்ட் தேதிக்கும் காத்திராமல் கிளினிக்குக்குப் போய்விடுங்கள். ஏஆர்டியை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்த வேண்டியிருந்தால் அதை டாக்டர் சொல்வார்.